தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

மறுமையைப் பற்றிப் பேச நிறைய மேடைகள் இருக்கின்றன. இன்றைக்கு நான் பேசப்போவது அறுபது வயதுக்குப் பிறகு, மவுத்துக்கு முன்பு உள்ள அந்தக் காலத்தைப் பற்றி. அதைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. நானும் இதுவரை பேசியதில்லை. பேச வைத்தது ஒரு விண்ணப்பப் படிவம்.

மேலப்பாளையத்தில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்க நம் பிள்ளைகள் ஒரு நாள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். நானும் போயிருந்தேன். 68 வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல உயரம், முழங்கால் மட்டும் வளைந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்த தம்பி பெயர் கேட்டான், வயது கேட்டான், முகவரி கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "தொழில்?" என்று கேட்டதும் பெரியவர் பேசவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "ஹஜ்ரத், தொழில்ன்னு கேக்கியளே, எதைச் சொல்ல?" என்றார்.

சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

பத்து வயதில் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றினார். மேலப்பாளையம் அன்றைக்குத் தறி ஊர். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். தறி படுத்ததும் பீடிக் கடைக்குப் போனார். பெண்கள் சுற்றிக் கொண்டுவரும் பீடியை எண்ணி, கழிவு தள்ளி, கட்டுப் போடுகிற வேலை. 1976-இல் பம்பாய்க்கு ரயில் ஏறினார். தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவி, பிறகு அடுப்பில் நின்றார். 1980-இல் சவூதியில் ஜுபைலுக்குப் போய்க் கட்டிட வேலை. 1986-இல் குவைத்தில் ஒரு பக்காலாவில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. 1990 ஆகஸ்டு 2-ஆம் தேதி சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தது. பாலைவனம் கடந்து ஜோர்டான் போய், அம்மானில் விமானத்துக்குக் காத்துக் கிடந்து, உடுத்திய துணியோடு ஊர் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை அன்று விமானத்தில் அள்ளிக் கொண்டுவந்தார்கள். அதில் அவரும் ஒருவர்.

ஊரில் மளிகைக் கடை போட்டார். கடன் கொடுத்தே கடை போயிற்று. "யாருட்டயும் இல்லன்னு சொல்ல வாய் வரல ஹஜ்ரத்" என்றார். 1997-இல் மலேசியாவுக்குப் போய் உணவகத்தில் நின்றார். போன வருடமே ரிங்கிட் விழுந்தது. வாங்கிய சம்பளத்தை ரூபாயாக்கிப் பார்த்தால் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனுக்கே சரியாக இருந்தது. திரும்பி வந்து வாடகை ஆட்டோ ஓட்டினார். கண் மங்கியதும் அதை விட்டார். 2014-இலிருந்து 2023 வரை ஒரு ஜவுளிக் கடையில் காவலாளி. முழங்கால் போனதும் அதுவும் போயிற்று.

எண்ணிப் பாருங்கள். ஒன்பது வேலை. நான்கு நாடு. 56 வருடம். இதில் ஒருநாள்கூட அவர் சும்மா இருந்ததாகத் தெரியவில்லை. தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். கட்டத்தில் இடமில்லை. கடைசியில் "கூலி" என்று ஒரே சொல் எழுதினான். வேறு என்ன எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

அன்புச் சகோதரர்களே! இதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெரியவரின் மனைவியும் கூட வந்திருந்தார்கள். பதினான்கு வயதிலிருந்து பீடி சுற்றியவர்கள். வீட்டு முற்றத்தைத் தாண்டி வேலைக்குப் போகாதவர்கள். முறத்தை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நாளைக்கு ஆயிரம் பீடி. அந்த அம்மையாருக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது! ஆயிரத்துச் சொச்சம்தான். வயிறு நிறையாது. ஆனால் மாத்திரைக்கு ஆகிறது. மகன் கையைப் பார்க்காமல் பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்க முடிகிறது. நான்கு நாடு சுற்றியவருக்கு ஒன்றுமில்லை. முற்றத்தில் உட்கார்ந்தவருக்கு ஓய்வூதியம். எப்படி?

அவர்களுக்கு ஒரு பாஸ் புத்தகம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் புத்தகமும் சும்மா வரவில்லை. பீடித் தொழிலாளருக்கு 1966-இல் தனிச் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுபவர் தொழிலாளியே அல்ல, நாங்கள் இலை கொடுக்கிறோம், அவர்கள் பீடி தருகிறார்கள், அது ஒரு வியாபாரம் என்று கம்பெனிகள் வாதாடின. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. வீட்டில் சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. 1995 நவம்பரில் ஓய்வூதியத் திட்டம் வந்தது. பத்து வருடம் பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம். 2014 செப்டம்பரில் அதன் குறைந்தபட்சத் தொகையை மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். சங்கம் வைத்துச் சண்டை போட்டவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமை அது. அவர்களில் பலர் நம் கொள்கைக்காரர்கள் அல்ல. சிவப்புக் கொடிக்காரர்கள். நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

அந்த அம்மையாரின் தங்கையும் அதே முற்றத்தில் அதே அளவு சுற்றினார்கள். தனிப் புத்தகம் கிடைக்காததால் அக்காள் புத்தகத்திலேயே தங்கையின் பீடியும் ஏறியது. இன்று அக்காளுக்கு ஓய்வூதியம். தங்கைக்கு? அவர்கள் சுற்றிய லட்சக்கணக்கான பீடி யார் கணக்கில் இருக்கிறது? தாய்மார்கள் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இது எத்தனை வீட்டுக் கதை என்று உங்களுக்குத் தெரியும்.

வேலை மாறுவது குற்றமா? ஒருபோதும் இல்லை. மதரஸாவில் நாங்கள் ஓதிய கிதாபுகளை எழுதிய இமாம்களின் பெயர்களைக் கவனியுங்கள். ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணாம்புக்காரர். கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். குதூரி என்ற பெயர் சட்டியோடு தொடர்புடையது. மர்வு நகரத்து கஃப்ஃபால் பூட்டுச் செய்பவர். முப்பது வயது வரை பூட்டு செய்துவிட்டு அதன்பிறகே ஓத உட்கார்ந்து பெரிய ஃபகீஹ் ஆனார். மாணவனாக இருந்தபோது இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தேன். இவையெல்லாம் வேலைகளின் பெயர்கள் என்பது பின்னால்தான் உறைத்தது. நபி (ஸல்) அவர்கள் சிறு வயதில் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். பிறகு கதீஜா அம்மையாரின் சரக்கோடு ஷாமுக்குப் போனார்கள். மேய்ப்பராக இருந்ததை அவர்களே எடுத்துச் சொன்னார்கள், மறைக்கவில்லை.

நானும் பல வேலை பார்த்தவன்தான். மக்தபில் ஓதிக்கொடுத்தேன். மூன்று பள்ளிகளில் இமாமத் செய்தேன். இடையில் இரண்டு வருடம் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதினேன். ரமலான் மாதங்களில் அத்தரும் தொப்பியும் விற்றேன். உலமாக்கள், பணியாளர்கள் நல வாரியம் 2009-இல் வந்தது அல்லவா? அதில் பதிய நான் மனு எழுதியபோது, வேலை செய்த பள்ளியின் சான்று கேட்டார்கள். ஆறு வருடம் ஐந்து வேளை தொழவைத்த ஒரு பள்ளிக்குப் போய்க் கேட்டேன். நிர்வாகம் மாறியிருந்தது. புதிய நிர்வாகிகள் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினார்கள். "பேஷ் இமாம்" என்று எழுதி, பக்கத்தில் தொகை எழுதியிருக்கிறது. ஆறு வருடமும் அப்படியே. என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை! கோபப்படுவதா சிரிப்பதா? பிறகு பழைய முத்தவல்லி ஒருவர் வந்து சாட்சி சொன்னதால் சான்று கிடைத்தது. அவர் ஹயாத்தாக இல்லாமல் போயிருந்தால் அந்த ஆறு வருடம் இல்லாமலே போயிருக்கும். பள்ளி நிர்வாகிகள் யாராவது இங்கே இருந்தால், நாளைக்கே உங்கள் பதிவேட்டில் இமாம், முஅத்தின் பெயரை எழுதுங்கள்.

குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? அல்பகராவின் 282-ஆவது வசனம். அது எதைப் பற்றியது? தொழுகையா, நோன்பா? கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது! தவணையோடு எழுதுங்கள், எழுத்தர் நேர்மையாக எழுதட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையாதீர்கள் என்று ஒரு முழுப் பக்கம் அல்லாஹ் நமக்குக் கணக்கு எழுதக் கற்றுக் கொடுக்கிறான். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்குச் சேர்ந்ததை அல்கஸஸில் பாருங்கள். எட்டு வருடம் கட்டாயம், பத்து முடித்தால் அது உங்கள் விருப்பம் என்று காலம் முதலிலேயே பேசப்படுகிறது. அல்லாஹ் சாட்சி வைக்கப்படுகிறான். நம் கடைகளில் என்ன பேசுகிறோம்? "வா, பார்த்துக்கலாம்." அவ்வளவுதான் நம் ஒப்பந்தம்.

இளைஞர்களே, முதலில் உங்களிடம் வருகிறேன். முதலாளிகளிடம் பிறகு வருகிறேன், யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

நீங்களும் ஒன்பது வேலை பார்க்கப் போகிறவர்கள்தான். இன்றைக்கு மொபைல் கடை, நாளைக்கு டெலிவரி, அதற்கு அடுத்த வருடம் துபாய். மாறுங்கள். தவறில்லை. ஆனால் கம்பெனி மாறும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள்? முதல் காரியமாக பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிறீர்கள். இரண்டு வருட வேலை, கையில் ஒரு தொகை, புது போன். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணி வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பத்து வருடம் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டியதில்லை. இங்கே மூன்று, அங்கே நான்கு, இன்னொரு இடத்தில் மூன்று என்று சேரும். 2014-க்குப் பிறகு ஒரு ஆளுக்கு ஒரே யு.ஏ.என். எண். புது வேலையில் அந்தப் பழைய எண்ணைக் கொடுத்தால் கணக்கு தொடர்கிறது. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் அழிந்துவிடும். அடுத்த வேலையில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வேலை இல்லாத காலத்தில் கைக்காசு வேண்டுமென்றால் எடுக்கத்தான் வேண்டியிருக்கும், மறுக்கவில்லை. ஓய்வூதியப் பகுதியை மட்டுமாவது எடுக்காமல், அதற்குத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு சொல். அங்கே பென்ஷன் நமக்குக் கிடையாது. அங்கே இருக்கிற வருடங்கள் இங்கேயுள்ள பி.எஃப். கணக்கிலும் சேராது. இருப்பது பணிமுடிவுத் தொகை ஒன்றுதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் உள்ள வருடங்களுக்கு 30 நாள். ஆனால் எந்தச் சம்பளம்? அடிப்படைச் சம்பளம். 2,000 திர்ஹம் என்று சொல்லிக் கூட்டிப்போவான். ஒப்பந்தத்தில் அடிப்படை 800, மீதி வீட்டுப்படி, சாப்பாட்டுப்படி என்று எழுதியிருப்பான். பத்து வருடம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது அந்த 800-தான் பேசும். கையெழுத்துப் போடும் முன்பு அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

எட்டு வருடம் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய தம்பி ஒருவர், அரபியில் அச்சடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து, "ஹஜ்ரத், இதில் எனக்குத் தர வேண்டிய பணத்தைப் பற்றி எழுதியிருக்கும், வாசித்துச் சொல்லுங்கள்" என்றார். வாசித்தேன். எனக்கு வர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லி விமானத்துக்கு முதல் நாள் வாங்கியிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை மொழிபெயர்த்துச் சொல்வது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது! குர்ஆனை அழகாக ஓதுகிற பிள்ளை அவர். அரபி எழுத்து தெரியும், பொருள் தெரியாது.

குவைத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? ஐ.நா. ஒரு இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. போர் காரணமாக வெளியேற நேர்ந்த தனி ஆட்களுக்கு 2,500 டாலர், 4,000 டாலர் என்று நிர்ணயித்தார்கள். மனு செய்த இந்தியர்கள் பலருக்குத் தவணை தவணையாக வந்தது. நம் பெரியவரும் கேள்விப்பட்டார். ஆனால் அவரிடம் எந்தக் காகிதமும் இல்லை. சிவில் ஐ.டி. கடை முதலாளியிடம் இருந்தது, பாஸ்போர்ட் பாலைவனத்தில் போயிற்று. கேட்டால் அலைய விடுவார்கள் என்று மனுவே போடவில்லை. அவரோடு அதே தெருவில் வேலை பார்த்த ஒருவர் ஒரு பழைய சம்பளச் சீட்டை உள்சட்டையில் தைத்துக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பணத்தில் அவர் ஊரில் ஓட்டு வீட்டை இடித்து மச்சு வீடு கட்டினார்.

ஆகவே தம்பிகளே, ஒரு பிளாஸ்டிக் பை வாங்குங்கள். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், வேலையை விட்டபோது கொடுத்த தாள். ஒன்றுமே தராத கடையா? சேர்ந்த தேதி, கடையின் பெயர், சம்பளம், கூட வேலை பார்த்த இரண்டு பேர் பெயர் என்று உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பீர்கள். போன் தொலைந்தால்? உம்மாவிடம் ஒரு நகல் கொடுங்கள். உம்மாக்கள் எதையும் தொலைப்பதில்லை.

ஆட்டோ, தறி, கட்டிடம் என்று சொந்தக் கையை நம்பி இருப்பவர்கள் தொழிலாளர் நல வாரியத்தில் பதியுங்கள். 18 முதல் 60 வயது வரைதான் பதிவு. அதை விட்டால் கதவு மூடிவிடும். நம் பெரியவர் ஆட்டோ ஓட்டிய காலத்திலேயே வாரியம் இருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாத அந்த "யாரும்" யார்? நாம்தான். நாம் அப்போது வேறு எதற்கோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். 2021-இல் வந்த இ-ஷ்ரம் அட்டை பலரிடம் இருக்கிறது. நல்லது. ஆனால் அது ஒரு பதிவு மட்டுமே. அதைப் பையில் வைத்துக்கொண்டு பென்ஷன் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது வணிகப் பெருமக்களே, உங்களிடம்.

முஸ்லிம்களில் மாதச் சம்பளப் பணியில் இருப்பவர்கள் குறைவு, சொந்தத் தொழிலிலும் அமைப்புசாராத் தொழிலிலும் இருப்பவர்கள்தான் அதிகம் என்று 2006-இல் சச்சார் குழு சொன்னது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பேசினோம். 2007-இல் தமிழ்நாட்டில் 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. இன்னும் கேட்போம், கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் அரசு வேலைக்குப் போகிறவனுக்கு முதல் நாளே பணிப்பதிவேடு திறக்கப்படுகிறது. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேலை பார்ப்பது சர்க்கார் கூரைக்கு அடியிலா? உங்கள் கூரைக்கு அடியில்! ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, செருப்புக் கடை, பிரியாணிக் கடை, தோல் ஷாப்பு. அரசாங்கத்திடம் நியாயம் கேட்கிற நாம், நம் கல்லாவிடம் அதைக் கேட்க வேண்டாமா?

பி.எஃப். கட்டச் சொன்னால் சில முதலாளிமார்கள் என்னிடம் சொல்லும் பதில் என்ன தெரியுமா? "அதில் வட்டி சேர்கிறதே ஹஜ்ரத்!" அல்லாஹ்வின் மீது என்னே பயம்! அதே கடைக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் கணக்கு இருக்கிறது. சட்டப்படி பிடிக்கப்பட்டு, தொழிலாளியின் கைக்கே வராமல் சேருகிற பி.எஃப். தொகை அவனுடைய ஊதியத்தின் ஒரு பகுதிதான், வாங்கிக்கொள்ளலாம் என்று ஆலிம்கள் பலர் ஃபத்வா கொடுத்திருக்கிறார்கள். வேறு கருத்து உடையவர்களும் இருக்கலாம். சரி, உங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லையா? அதற்கு ஈடான தொகையை மாதாமாதம் வேறு வழியில் அவன் பெயரில் சேர்த்துக் காட்டுங்கள். சட்டம் கேட்கும் இடத்தில் அது போதாதுதான், ஆனால் நீங்கள் பேணுதல் பேசுவது உண்மை என்றாவது நான் நம்புவேன். இருபது பேர் இருந்தால் பி.எஃப். என்பதால், ஒரே கடையை இரண்டு பெயரில், இரண்டு பில் புத்தகத்தில் பிரித்து வைத்திருப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்கே தெரியும்.

புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற குகை ஹதீஸை எல்லோரும் கேட்டிருக்கிறோம். மூன்று பேர் குகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். பாறை வாசலை அடைத்தது. ஒவ்வொருவரும் தாம் செய்த நல்ல செயலைச் சொல்லி துஆ கேட்டார்கள். மூன்றாவது மனிதர் யார்? ஒரு முதலாளி. அவரிடம் வேலை பார்த்த ஒரு கூலியாள் தன் கூலியை வாங்காமலே போய்விட்டான். வாங்காதது அவன் தவறு என்று இவர் விட்டுவிடவில்லை. அந்தக் கூலியை முதலாக வைத்து அதைப் பெருக்கினார். காலம் கடந்து அவன் திரும்பி வந்து கேட்டபோது, ஒட்டகம், மாடு, ஆடு என்று நிற்பதெல்லாம் உன்னுடையது என்று காட்டினார். என்னைக் கேலி செய்யாதீர்கள் என்றான் அவன். கேலி இல்லை, ஓட்டிக்கொண்டு போ என்று கொடுத்தார். அவன் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் ஓட்டிக்கொண்டு போனான். அந்தச் செயலைச் சொல்லித்தான் பாறை முழுவதும் விலகியது.

இந்த ஹதீஸை நான் எத்தனையோ ஜும்ஆக்களில் சொல்லியிருக்கிறேன். பெற்றோருக்குப் பால் கொண்டுபோன முதல் மனிதரை விரிவாகச் சொல்வேன். மக்கள் அழுவார்கள். மூன்றாமவரை இரண்டு வரியில் முடித்துவிடுவேன். எதிரே முதல் வரிசையில் முதலாளிகள் இருந்தார்கள் என்பதாலா? அல்லாஹ் மன்னிக்க வேண்டும். அது என்ன செயல்? வருங்கால வைப்பு நிதி வேறு என்ன? போய்விட்ட தொழிலாளியின் கணக்கை மூடாமல் வைத்திருந்தார் ஒரு முதலாளி.

பெரியவர் கதைக்கு வருகிறேன். ஒன்பது வருடம் ஜவுளிக் கடையில் காவல் இருந்தாரே, அவருக்கு என்ன கொடுத்து அனுப்பினார்கள் தெரியுமா? 5,000 ரூபாயும் ஒரு சாரமும். பெரியவர் இன்றுவரை அந்த முதலாளிக்கு துஆ செய்கிறார். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்றது. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. பெரியவரின் கடைசிச் சம்பளம் 9,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு 5,192. ஒன்பது வருடத்துக்கு 46,730 ரூபாய். தொழிலாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும் முப்பது நாளில் கொடுக்க வேண்டியது. 5,000-ஐக் கழித்தால் 41,730 ரூபாய் இன்னும் அந்தக் கல்லாவில் இருக்கிறது. அது யாருடைய பணம்?

அந்த முதலாளி நல்லவர். மெய்யாகவே நல்லவர். ஒவ்வொரு ரமலானிலும் பெரியவருக்கு ஜகாத்தில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தனுப்புகிறார். இங்கேதான் சகோதரர்களே, நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கொடுக்க வேண்டிய கூலி உங்கள் மீது கடன். ஜகாத் அல்லாஹ் ஏழைக்கு விதித்த பங்கு. ஒரு மனிதனுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய கடனை ஜகாத்தால் அடைக்க முடியுமா? எந்த ஃபிக்ஹ் கிதாபில் அப்படி இருக்கிறது? ஊதியமாக நிமிர்ந்து நின்று வாங்க வேண்டியதைத் தர்மமாகக் குனிந்து வாங்கிக்கொண்டிருக்கிறார் அந்தப் பெரியவர். அவருக்கும் தெரியவில்லை. கொடுப்பவருக்கும் தெரியவில்லை. கூலிக்கு ஆள் வைத்து, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸ் உங்களுக்குத் தெரியும்.

உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் ஒரு வயோதிக யூதர் வாசலில் கையேந்தி நின்றதைக் கண்டார்கள். இளமையில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிட்டால் அது நீதியாகாது என்று, அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க உத்தரவிட்டார்கள். அபூ யூசுஃப் இமாம் கராஜ் பற்றிய தம் கிதாபில் இதைப் பதிந்திருக்கிறார்கள். அடுத்த சமயத்தவருக்கே அந்த நீதி என்றால், உங்கள் கடைப் படிக்கட்டில் ஒன்பது வருடம் இரவு விழித்திருந்தவருக்கு?

உங்கள் கடையில் வேலை பார்ப்பவர்களில் மாற்றுச் சமயத்துச் சகோதர சகோதரிகளும் இருக்கிறார்கள். நான் சொல்வது அவர்களுக்கும் சேர்த்துத்தான். நிற்கிற பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லித் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. அதற்குக்கூட சட்டம் வர வேண்டியிருந்ததே என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஜவுளிக் கடை முதலாளியைச் சென்ற வாரம் நானும் இரண்டு பெரியவர்களும் போய்ப் பார்த்தோம். கணக்கை எழுதி அவர் முன்னால் வைத்தோம். முதலில் கோபப்பட்டார். "நான் அவருக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்" என்றார். செய்திருக்கிறார், மறுக்கவில்லை. பிறகு நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், இவருக்குக் கொடுத்தால், இதுக்கு முன்னால போனவங்களுக்கும் கொடுக்கணுமே?" ஆமாம் என்றேன். எத்தனை பேர் என்று அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஏழாவது விரலில் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். போகப்போகிறேன்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் இடது பக்கம் ஒரு மேசை இருக்கிறது. யு.ஏ.என். எண் மறந்துபோனவர்கள், வாரியத்தில் பதிய வேண்டியவர்கள், பீடிப் பாஸ் புத்தகத்தில் பெயர் குளறுபடி உள்ளவர்கள் அங்கே போங்கள். தாய்மார்களுக்கு மாடியில் தனியாக இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். ஆதார், வங்கிப் புத்தக நகல் இல்லாதவர்கள் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள், நாளைக்குக் கொண்டுவரலாம். முதலாளிமார்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். பணிக்கொடைக் கணக்குப் போடத் தெரிந்த கணக்கர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பெயர் கேட்க மாட்டார். ஆள் எத்தனை, வருடம் எத்தனை, சம்பளம் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.